வாசகர் கேள்விகள்: மண்வெட்டி ஓசையும் கண்ணாடி இழையும்

கேள்வி: எங்கள் வயலோரம் செல்லும் எரிவாயுக் குழாயின் அருகே மண்வெட்டி போட்டாலே, பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அறையில் தெரிந்துவிடும் என்கிறார்கள். கண்ணாடி இழை எப்படி ஒலியைக் கேட்கும்? (வாசகர், மன்னார்குடி)

பதில்: குழாயோடு புதைக்கப்படும் கம்பிக்குள் இருக்கும் இழையின் குறுக்களவு 125 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதிலும் ஒளி செல்லும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான். வழியில் எங்கும் ஒலிவாங்கி கிடையாது. உருகிய கண்ணாடியை இழையாக இழுத்துக் குளிரவைக்கும்போது அதன் அடர்த்தியில் உறைந்துபோகும் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளே இங்கு வேலை செய்கின்றன. ஒரு முனையிலிருந்து லேசர் துடிப்பை அனுப்பினால், ஒவ்வோர் இடத்திலும் அதன் மிகச் சிறு பகுதி சிதறி, வந்த வழியே திரும்புகிறது. வானத்தை நீலமாக்கும் ராலே சிதறல்தான் இது. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்வதால், 10 மைக்ரோ விநாடியில் திரும்பிய ஒளி 1 கி.மீ. தொலைவிலிருந்தும், 100 மைக்ரோ விநாடியில் திரும்பியது 10 கி.மீ. தொலைவிலிருந்தும் வந்தவை.

திருவாரூர்த் தேரின் வடத்தில் கைவைத்தவருக்கு எங்கோ ஓர் இழுப்பு விழுந்தது தெரியும். எந்த இடத்தில் என்பது தெரியாது. இழையில் அந்த இடம் நேரக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. மண்வெட்டி விழும்போது மண் அதிர்ந்து, அந்த இடத்து இழை ஒரு மீட்டரில் நூறு கோடியில் சில பங்கு அளவே நீண்டு சுருங்கினாலும், திரும்பும் ஒளியலையின் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் நிற்கும் நிலை, மாறுகிறது. கருவி அதை அளந்துவிடுகிறது. ஒரு துடிப்பின் ஒளி முழுவதும் திரும்பிய பிறகே அடுத்ததை அனுப்ப வேண்டும் என்பதால், 40 கி.மீ. இழையில் விநாடிக்கு 2,500 துடிப்புகளுக்கு மேல் இயலாது. ஓர் அதிர்வை அறியக் குறைந்தது இரண்டு துடிப்புகளாவது வேண்டும் என்பதால், 1,250 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைச் சரியாக அறியவும் இயலாது.

என் கருத்தில், கேட்பதைவிடக் கேட்டது எதுவென்று பிரித்தறிவதே கடினம். பம்புசெட்டின் அதிர்வு ஒரே சீராக நீளும்; அறுவடை இயந்திரத்தின் அதிர்வு மெல்ல இடம் நகரும்; மண்வெட்டியோ விட்டுவிட்டு, ஒரே இடத்தில் விழும். சம்பா நடவின்போது சேறாக இருக்கும் நம் களிமண் சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்பினால் கம்பிக்கும் மண்ணுக்கும் பிடிமானம் தளர்ந்தால் அதே வெட்டு மங்கலாகவே பதியும். எனவே, ஒரே பருவத்தில் பதிந்த மாதிரிகளைக் கொண்டு கணினியைப் பழக்கினால் போதாது.

கேள்வி: அப்படியானால் தெருவில் புதைத்த இணையக் கம்பி எங்கள் பேச்சையும் கேட்குமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: காற்றில் வரும் பேச்சொலி மண்ணை அசைப்பது மிகக் குறைவு, முனையில் இதற்கென்றே அமைந்த கருவியும் வேண்டும். ஆனால் அறைக்குள் சுருட்டி வைத்த இழை பேச்சுக்கு அதிரக்கூடும் என்பதால் உங்கள் கவலை நியாயமானதே.

கேள்வி: கொள்ளிடக் கரை உடைவதை முன்கூட்டியே அறிய இது உதவுமா? (வாசகர், திருவையாறு)

பதில்: உடைப்புக்கு முந்தைய கசிவு பெரும்பாலும் ஓசையின்றி நடப்பது. அதற்கு வெப்பநிலையை அளக்கும் இழையே பொருத்தம். அது ராமன் சிதறலைப் பயன்படுத்துகிறது: சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறித் திரும்பும், அதன் அளவு அந்த இடத்தின் வெப்பநிலையைக் காட்டும். 1928 பிப்ரவரி 28 அன்று அதைக் கண்டறிந்த சர் சி. வி. ராமன், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். ஆற்று நீரின் வெப்பநிலை கரை மண்ணினதிலிருந்து வேறுபடும்போது, கசியும் இடம் மட்டும் தனியே தெரியும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் தெரியாது. அத்தகைய நாள்களுக்காகக் கம்பியையே மின்சாரத்தால் சற்றுச் சூடேற்றி, எந்த இடம் விரைவாகக் குளிர்கிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. இழையைப் பதிக்க வேண்டிய இடம், கரையின் வயல் பக்கச் சரிவின் அடி.