அக்சசிபிள் பீஜா, அக்ரீயபிள் கிரேயா? – கேள்வி பதில்

கேள்வி: ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயின்ட் நிறுவனத்தின் ஷேட் கார்டில் அக்சசிபிள் பீஜ் (7036), அக்ரீயபிள் கிரே (7029) இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. எது அறையை அதிக வெளிச்சமாகக் காட்டும்?

பதில்: அந்த வகையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒளியைச் சுவர் எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதை 0 முதல் 100 வரை குறிக்கும் எல்.ஆர்.வி. மதிப்பு முதலாவதற்கு 58, இரண்டாவதற்கு 60. வேறுபாடு அடிச்சாயலில் இருக்கிறது: பீஜ் என்பது சாம்பல் கலந்து அடக்கப்பட்ட இளம்பழுப்பு, கிரே என்பது பழுப்பு கலந்து இதமாக்கப்பட்ட சாம்பல். வெள்ளைத் தாளின் மீது அருகருகே வைத்தால் இது உடனே புலப்படும்.

கேள்வி: எங்கள் கூடத்தில் நேர்வெயில் விழுவதே இல்லை. தரை செம்பழுப்பு மரம்.

பதில்: பீஜைத் தேர்ந்தெடுங்கள். வானத்திலிருந்து மட்டும் வரும் வெளிச்சத்தில் நீலம் தூக்கலாக இருப்பதால், அக்ரீயபிள் கிரே தன் இதத்தை இழந்து வெறும் சாம்பலாக, சில வேளைகளில் லேசான ஊதாவாகக்கூடத் தெரியும். அத்துடன் மரத்தின் செம்மையையும் அது தேவைக்கு மேல் எடுத்துக்காட்டும். தரையை மாற்றுவது எளிதல்ல என்பதால், சுவர்தான் தரைக்கு இணங்க வேண்டும். சாம்பல் ரேகை ஓடும் பளிங்குத் தரையாக இருந்திருந்தால் கிரேயையே சொல்லியிருப்பேன்.

கேள்வி: பகலில் பிடித்த பீஜ் இரவில் மஞ்சளடிக்கிறது. பெயின்ட் கோளாறா?

பதில்: பெரும்பாலும் பல்புதான் காரணம். கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். 2,700 கெல்வின் விளக்கு மஞ்சளை ஏற்றிக் காட்டும். 3,500 கெல்வினுக்கு மாற்றிப் பார்த்த பிறகு சுவரைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சாம்பிளைப் பழைய சுவரிலேயே பூசிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றிவிடும். இரண்டடிப் பலகையில், ஓரம் முழுவதும் வெள்ளை விட்டு, இரண்டு கோட் பூசி, நன்றாகக் காய்ந்த பின் சுவரில் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். மேசை மீது படுக்க வைத்தால் அதன் மேல் விழும் வெளிச்சமே வேறு. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், ஜன்னல் இருக்கும் சுவர், இருண்ட மூலை என இடம் மாற்றி, காலையிலும் மாலையிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான்.

கேள்வி: ஒரே வீட்டில் இரண்டையும் பூசலாமா?

பதில்: கதவு மூடியிருக்கும் அறைகளில் தாராளமாகப் பூசலாம். ஒரே பார்வையில் இரண்டும் படும் இடங்களில் தவிர்த்துவிடுங்கள். இவ்வளவு நெருங்கிய இரு நிறங்கள் சேர்ந்து தெரிந்தால், அவற்றுள் ஒன்று அழுக்கேறியதுபோல் தோன்றும்.