விசிறி தடுமாறாமல், திரை அணையாமல்: லினக்ஸ் டிரைவரில் பிடபிள்யூஎம் சேர்ப்பது எப்படி?

கேள்வி: ஒரு சிப்பின் டைமர் பிளாக்குக்கு லினக்ஸ் டிரைவர் வைத்திருக்கிறோம். அதில் பிடபிள்யூஎம் (மின்துடிப்பின் அகலத்தை மாற்றிச் சராசரி ஆற்றலைக் கட்டுப்படுத்தும் முறை) வெளியீட்டையும் சேர்த்தோம். கிளாக் 24 மெகாஹெர்ட்ஸ், கவுன்ட்டர் 16 பிட். விசிறி 25 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஆனால் அமைப்பை மாற்றும்போது சில நேரம் ஒரு துடிப்பு நீண்டுவிடுகிறது. சர்வோ மோட்டாருக்கு 20 மில்லிசெகண்ட் பீரியட் (ஒரு முழுச் சுற்றின் நீளம்) கேட்டால் 0.9 மில்லிசெகண்ட்தான் வருகிறது. பூட்லோடர் ஏற்றிய திரை விளக்கு, கெர்னல் எழுந்த சற்று நேரத்தில் அணைந்துவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: மூன்றும் வேறு வேறு இடத்துத் தவறுகள். எளியதிலிருந்து தொடங்கலாம்.

24 மெகாஹெர்ட்ஸில் 20 மில்லிசெகண்ட் என்பது 4,80,000 டிக் (கிளாக்கின் துடிப்பு). 16 பிட் கவுன்ட்டர் 0 முதல் 65,535 வரை, அதாவது 65,536 டிக்தான் எண்ணும். மேல் பிட்டுகள் வெட்டுப்பட்டு 21,248 டிக் மிஞ்சுகிறது. நீங்கள் பார்க்கும் 0.885 மில்லிசெகண்ட் அதுதான். ப்ரீஸ்கேலரை (கிளாக்கை வகுத்து மெதுவாக்கும் பகுதி) 8 ஆக்கினால் 60,000 டிக் ஆகிவிடும், ரெஜிஸ்டரில் பெரும்பாலும் ஒன்று குறைத்து 59,999 எழுத வேண்டியிருக்கும். ப்ரீஸ்கேலர் எல்லாச் சேனலுக்கும் பொதுவா என்பதை டேட்டாஷீட்டில் பாருங்கள். பொதுவானால், சர்வோவுக்காக அதை மாற்றிய கணமே விசிறி 3.125 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிக் கீச்சிடும். வேறு சேனல் ஓடிக்கொண்டிருந்தால் ப்ரீஸ்கேலரைத் தொடாமல் 'பிஸி' பிழையைத் திருப்புங்கள். அந்தப் பகுதியை மியூடெக்ஸால் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) காப்பதும் அவசியம்.

கணக்கிடும்போது ஒரு டிக்குக்கு எத்தனை நானோசெகண்ட் என்று முன்கூட்டியே வகுத்து வைக்காதீர்கள். 41.67 என்பது முழு எண்ணில் 41 ஆகி, எல்லாப் பீரியடும் 1.6 சதவீதம் நீண்டுவிடும். முதலில் பெருக்கி, கடைசியில் வகுக்க வேண்டும். பெருக்கல் 32 பிட்டைத் தாண்டும் என்பதால் கெர்னல் தரும் 64 பிட் பெருக்கி-வகுக்கும் உதவிச் சார்பைப் பயன்படுத்துங்கள். 32 பிட் ஆர்மில் சாதாரண வகுத்தல் குறி போட்டால் லிங்க் ஆகாது.

கெர்னலின் பிடபிள்யூஎம் பிரிவுக்கு முழுமையாக்கும் விதி உண்டு: கேட்டதைத் தாண்டாத மிகப் பெரிய பீரியட், பிறகு கேட்டதைத் தாண்டாத மிகப் பெரிய டியூட்டி (சுற்றில் வெளியீடு மேலே நிற்கும் நேரம்). அதாவது அமைப்பை ஹார்டுவேரில் எழுதும் அப்ளையில் எப்போதும் கீழ்நோக்கி. நிலையைத் திருப்பிச் சொல்லும் கெட்-ஸ்டேட்டில் நேர்மாறாக மேல்நோக்கி. 7 டிக் என்பது 291.67 நானோசெகண்ட். அதை 291 என்று சொன்னால், திரும்ப அப்ளை செய்யும்போது 6 டிக் ஆகிவிடும். 292 என்றால் 7 டிக்காகவே நிற்கும். பிடபிள்யூஎம் டீபக் கான்ஃபிக்கை இயக்கி வையுங்கள். இந்த வகைப் பிழைகளை அது கெர்னல் செய்திகளின் டிமெசேஜ் பதிவில் காட்டிவிடும்.

இனி நீளும் துடிப்பு. உங்கள் கவுன்ட்டர், கம்பேர் ரெஜிஸ்டரில் உள்ள எண்ணுக்கு (வெளியீடு கீழே இறங்க வேண்டிய டிக்) சமமாகும்போது மட்டுமே செயல்படும் வகை என்று வைத்துக்கொள்வோம். கவுன்ட்டர் 700இல் இருக்கையில் கம்பேர் ரெஜிஸ்டரை 800இலிருந்து 300க்கு மாற்றினால், அந்தச் சுற்றில் பொருத்தம் நிகழாது. 25 கிலோஹெர்ட்ஸின் முழுச் சுற்றான 40 மைக்ரோசெகண்டும் (960 டிக்) வெளியீடு மேல்மட்டத்திலேயே நிற்கும். பீரியட் ரெஜிஸ்டருக்கு இதே கதி நேர்ந்தால் இன்னும் மோசம்: கவுன்ட்டர் 65,535 வரை போய்த்தான் திரும்பும், சுற்று 2.73 மில்லிசெகண்ட் வரை நீளும். ஆகவே அலைக்காட்டியில் நீளத்தை அளந்தாலே எந்த ரெஜிஸ்டர் காரணம் என்று தெரிந்துவிடும். சிப்பில் ஷேடோ ரெஜிஸ்டர் (புதிய மதிப்பைச் சுற்று முடியும்வரை தாங்கி வைப்பது) இருந்தால் அதுவே சரியான வழி: இரண்டையும் எழுதிவிட்டு, கடைசியில் அப்டேட் பிட்டை ஒருமுறை போடுங்கள். இல்லாவிட்டால் சுற்று முடிவு இன்டரப்டில் எழுதலாம். பீரியடைக் குறைக்கும்போது டியூட்டியை முதலில், கூட்டும்போது பீரியடை முதலில் எழுதுவது டியூட்டி பீரியடை மிஞ்சாமல் காக்கும். ஆனால் தவறிய பொருத்தத்தைக் குணப்படுத்தாது. சேனலை நிறுத்தி மாற்றித் திரும்ப ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வெட்டு விழும்.

100 சதவீத டியூட்டியையும் சோதியுங்கள். வெளியீடு கவுன்ட்டர் கம்பேரைவிடக் குறைவாக இருக்கும்வரை மேலே நிற்குமானால், 960 டிக் சுற்றுக்குக் கம்பேரில் 960 எழுத வேண்டும். சுற்று 65,536 ஆனால் அந்த எண் 16 பிட்டில் அடங்காது. எனவே பீரியடின் உச்சத்தை 65,535 டிக்கில் நிறுத்துங்கள். தலைகீழ் போலாரிட்டி (மேல், கீழ் மட்டங்கள் இடம் மாறிய அலை) ஹார்டுவேரில் இல்லையென்றால் பீரியடிலிருந்து டியூட்டியைக் கழித்துப் பாவனை செய்யாமல் பிழையைத் திருப்புங்கள். சராசரி ஒன்றாக வந்தாலும், சுற்று தொடங்கும் மட்டம் வேறாகிவிடும்.

திரை விளக்குக்கு வருவோம். பூட்லோடர் இயக்கிய கிளாக்குக்கு கெர்னலில் யாரும் உரிமை கோரவில்லை. துவக்கத்தின் இறுதியில் கெர்னல் பயன்படாத கிளாக்குகளை அணைக்கும்போது இதையும் அணைத்துவிடுகிறது. புரோப்பில் (டிரைவர் சாதனத்தோடு இணையும் கட்டம்) பிளாக்கை ரீசெட் செய்யாதீர்கள். எனேபிள் பிட்டைப் படித்து, ஓடும் சேனல் ஒவ்வொன்றுக்கும் கிளாக்கை ஒருமுறை எனேபிள் செய்து எண்ணிக்கையைச் சமன்படுத்துங்கள். கெட்-ஸ்டேட் ஓடும் நிலையை அப்படியே சொல்ல வேண்டும். கிளாக்கின் வேகத்தை வேறு டிரைவர் மாற்றாதபடி பிரத்தியேக உரிமையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்எஃப்எஸ் (கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வழியாகச் சோதிக்கும்போது எக்ஸ்போர்ட், பீரியட், டியூட்டி, எனேபிள் என்ற வரிசையில் எழுதுங்கள். பீரியட் சுழியாக இருக்கையில் டியூட்டியை எழுதினால் பிழைதான் வரும். எல்லாம் சரியென்று காட்டியும் பின்னில் அலை இல்லையென்றால், ஹார்டுவேரை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் பின்மக்ஸ் (பின்னின் பணியைத் தேர்வது) இன்னும் பொதுப் பயன் பின்னான ஜிபிஐஓவிலேயே இருக்கிறதா பாருங்கள். டிஸேபிள் செய்தால் பின் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சில சிப்புகள் அதை மிதக்க விட்டுவிடும். விசிறி கட்டாயம் நிற்க வேண்டுமென்றால் டியூட்டியைச் சுழியாக்கி எனேபிளிலேயே வைத்திருங்கள்.