வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நாலு வருடமாக ஓவர்லாக் டெய்லர். சம்பளம் 16,000, இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். கிட்னி செயலிழந்து மூன்று மாதமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். "எழுதிக் கொடுத்துட்டுப் போ, உடம்பு சரியானதும் கூப்பிடறோம்" என்கிறார் சூப்பர்வைசர். ஐந்து வருடம் ஆகாததால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) கிடையாதாம். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், அவிநாசி

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக்கூடாது. 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால், நோயால் வேலை போனது என்பதே காகிதத்தில் இருக்காது. என் சித்தப்பா ஒரு மில்லில் இருந்தபோது காசநோய் வந்து இப்படித்தான் எழுதிக் கொடுத்தார். ஆறு மாத மாத்திரையில் நோய் போய்விட்டது, வேலை திரும்பி வரவே இல்லை.

கிராஜுவிட்டி பற்றிச் சொன்னது பாதி உண்மை. ஐந்து வருடக் கணக்கு பொதுவான விதி. ஆனால் விபத்தாலோ நோயாலோ அதுவரை பார்த்த வேலையைச் செய்ய முடியாமல் போய் ஒருவர் விலகினால் அந்தக் கணக்கு பொருந்தாது, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் தந்தாக வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 என்றால் நாலு வருடத்துக்கு 30,000 ரூபாய் (மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கணக்கு). 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்தால் இந்தப் பணமும் கையை விட்டுப் போகும்.

ஆனால் அவர் இப்போது விலகவே வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய் மருத்துவச் சான்றிதழ் வாங்குங்கள். சாதாரண நோய்ப்படி ஆண்டுக்கு 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். அதைத் தாண்டி, நாள்பட்ட 34 நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்ப்படி என்று ஒன்று உண்டு, 80 சதவீதம், தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு வரை. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருட சர்வீஸும் அதில் 156 நாள் சந்தாவும் கேட்பார்கள், உங்கள் கணவருக்கு அநேகமாக இருக்கும். நோய்ப்படி வாங்கும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948 இ.எஸ்.ஐ. சட்டத்திலேயே எழுதியிருந்தது. இதெல்லாம் மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடித்த காசுக்கு உரியது, யாரிடமும் கெஞ்சிக் கேட்கும் விஷயம் இல்லை.

அப்புறம், உடம்பு கொஞ்சம் நிலைப்பட்டதும் வேலையை மாற்றிக் கேளுங்கள். ஒன்றரை ஷிப்ட் வேண்டாம், ஒரு ஷிப்ட் போதும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்ட கையால் பண்டல் தூக்கச் சொல்லக்கூடாது. அயர்னிங் பக்கம் மட்டும் போட்டுவிட வேண்டாம், அளந்து தண்ணீர் குடிக்கிற மனிதர் அந்த ஆவியில் எப்படி நிற்பார்? மாலையில் டயாலிசிஸ் செய்கிற மையம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டிலேயே வயிறு வழியாகச் செய்யும் முறை அவருக்குச் சரிப்படுமா என்று டாக்டரிடமும் கேளுங்கள். கம்பெனிக்குக் கேட்பதை எழுத்தில், பதிவுத் தபாலில் கேளுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம். ஆனாலும் எழுதும்போது விரல் இறுகிப்போகும் நரம்புக் கோளாறு உள்ள ஒருவர் யு.பி.எஸ்.சி. தேர்வுக்கு உதவி எழுத்தர் கேட்ட வழக்கில், 40 சதவீத ஊனம் இருந்தால்தான் தகுந்த வசதி என்பது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. இதைக் காட்டி நாளைக்கே கம்பெனியை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன், தனியார் இடங்களில் சட்டத்தின் பிடி தளர்வுதான். மிரட்டல் தொடர்ந்தால் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள், அவரைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

கேள்வி: அப்பா அரசு பஸ் டிரைவர். சர்க்கரைப் புண்ணால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கூட வேலை செய்கிறவர்கள் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.
– ஒரு மகள், விருத்தாசலம்

பதில்: கொடுக்கக் கூடாதம்மா. அதே 2016 சட்டம், பிரிவு 20(4). பணியில் இருக்கும்போது ஊனமானவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. ஸ்டியரிங் பிடிக்க முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை, அதுவும் காலியில்லை என்றால் கூடுதலாக ஒரு பணியிடம் உருவாக்கி, பொருத்தமான இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ வைத்திருக்கலாம். பழைய 1995 சட்டத்திலும் இது இருந்தது. கால் எடுக்கப்பட்டு வெளியே அனுப்பப்பட்ட மத்தியப் படைக் காவலர் ஒருவருக்கு அதை வைத்துத்தான் 2003இல் உச்ச நீதிமன்றம் நியாயம் வழங்கியது. அரசு மருத்துவமனையில் ஊனச் சான்றிதழ் வாங்கி, மாற்றுப்பணி கேட்டு டிப்போவில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வி.ஆர்.எஸ். கொடுத்துவிட்டால் 'தானாகப் போனார்' என்று ஆகிவிடும், அப்புறம் இந்தப் பிரிவைக் காட்டுவது கஷ்டம்.

கேள்வி: எனக்கு வலிப்பு உண்டு, மாத்திரையில் இரண்டு வருடமாக வரவில்லை. இண்டர்வியூவில் சொல்லணுமா?
– மதுரை

பதில்: கேட்காததை நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டாம். ஆனால் மருத்துவப் படிவத்தில் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள், பின்னால் அதையே காரணம் காட்டி நீக்குவார்கள். வண்டி ஓட்டுவது, உயரத்தில் ஏறுவது, ஓடும் மெஷின் பக்கம் நிற்பது போன்ற வேலை என்றால் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பதால் நைட் ஷிப்ட் மட்டும் தவிர்க்கக் கேளுங்கள். வேலையில் சேர்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்: சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108ஐக் கூப்பிட வேண்டும்.