போஸ்ட்டாக்: முதலில் லேப், பிறகு ஃபெலோஷிப்

வணக்கம் சார்.

"மகளுக்கு பிஎச்.டி. முடியப்போகுது, அடுத்து போஸ்ட்டாக் என்கிறாள், இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பா?" என்று திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதியிருந்தீர்கள். போஸ்ட்டாக் என்பது பிஎச்.டி.க்குப் பிறகு ஒரு விஞ்ஞானியின் லேபில் செய்யும், சம்பளம் வரும் ஆய்வு வேலை. நாம் கட்டவேண்டிய ஃபீஸ் எதுவும் இல்லை. இத்தனை லட்சம் கொடுத்தால் ஜெர்மனியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று எவராவது வந்தால், திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். பிள்ளைகள் பலர் முதலில் ஃபெலோஷிப்பை, அதாவது அந்த வேலைக்கான உதவித்தொகையைத் தேடுகிறார்கள், லேப் பிறகுதான். நான் முதலில் லேப்பைப் பிடிக்கச் சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி, ஜெர்மனியின் ஹம்போல்ட், ஐரோப்பிய உயிரியல் அமைப்பான எம்போ, நம் நாட்டு அரசின் என்பிடிஎஃப் ஆகிய ஃபெலோஷிப்கள் எல்லாவற்றுக்கும் "இவரை என் லேபில் சேர்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு விஞ்ஞானி சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதம் ஒரு வாரத்தில் கிடைக்காது. தீசிஸ் எழுதும்போதே மெயில் போகட்டும். ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்பினால் ஒருவரும் படிக்கமாட்டார். அந்த லேபின் இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு, தனக்குத் தெரிந்த எந்த நுட்பம் அங்கே உதவும் என்று அரைப் பக்கத்தில் எழுதினால் போதும்.

டெங்கு கொசுவில் ஆய்வு செய்கிற உங்கள் மகள் புதுச்சேரியில் இருப்பதே ஒரு வசதி. அங்கே இந்திரா நகரில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர், டெங்கு வைரஸ் பரவலைக் குறைக்கும் வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய கொசுக்களில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. இப்படிப்பட்ட கூட்டுக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலைப் பார்த்தாலே யாருக்கு எழுதலாம் என்று புரியும். கைடு ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்தது காலக்கெடு. இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எம்போவுக்கு பிஎச்.டி. வாங்கி இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது வேண்டும். ஹம்போல்ட்டுக்கு நான்கு ஆண்டு, மேரி கியூரிக்கு எட்டு ஆண்டு. ஹியூமன் ஃப்ரான்டியர் என்ற சர்வதேச ஃபெலோஷிப் மூன்று ஆண்டுக்குப் பணம் தருகிறது, ஆனால் பிஎச்.டி.யில் செய்ததிலிருந்து விலகிப் புதுத் திசைக்குப் போகவேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே "ஒரு வருஷம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அமெரிக்கா பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் தரும் எஃப்32 ஃபெலோஷிப் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் லேப் தலைவரின் கிராண்டிலிருந்துதான், அதாவது அவருக்குக் கிடைத்த ஆய்வு நிதியிலிருந்துதான் சம்பளம் வாங்குகிறார்கள். அதனால் அந்த கிராண்ட் எப்போது முடிகிறது என்று நேர்காணலில் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உள்ளூரிலேயே இருக்கட்டும் என்றால் என்பிடிஎஃப் இரண்டு ஆண்டுக்கு. வயது வரம்பு 35, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு.

கல்யாணப் பேச்சு நடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் மேரி கியூரியில் குடும்பப்படி உண்டு, ஹம்போல்ட்டும் கூட வரும் துணைக்கு உதவுகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதையும் சொல்லலாம்.

இந்த வாரமே மகளை உட்காரவைத்து, பிடித்த பத்து லேப்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு அவரே என்னிடம் வரட்டும்.