காம்புள்ள அம்புமுனையும் பிளக்கும் தண்டும்

வணக்கம். சுவீடனின் வைக்கிங் கால வணிக நகரமான பிர்காவின் 10ஆம் நூற்றாண்டு வில்லாளியாக வேடம் ஏற்பதற்காக வாங்கிய காம்புள்ள அம்புமுனையைச் சுத்தியலால் தட்டி இறக்கியபோது பைன் தண்டு பிளந்துவிட்டது என்றும், குழல் போன்ற அடியுள்ள முனைக்கு மாறிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து மாற்றாதீர்கள். தண்டின் மேல் மாட்டும் குழலடி முனைகள் அக்காலத்து இங்கிலாந்துக்கே மிகவும் பொருந்தும். வைக்கிங் கால ஸ்காண்டிநேவியாவில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை தண்டுக்குள் செருகும் காம்புள்ளவைதான். உங்கள் தேர்வு சரி, பொருத்திய முறைதான் தவறு.

காம்பு நுனியை நோக்கி ஒடுங்கும் ஆப்பு என்பதால், தட்டத் தட்டத் தண்டை அது இழையோடு பிளக்கும். ஆகவே தண்டின் நுனியை முதலில் நூலால் இறுகச் சுற்றிக்கொண்டு, காம்பின் நடுப்பகுதியை விடச் சற்றே மெல்லிய துளையைக் காம்பின் நீளத்துக்கு நேராக இடுங்கள். பிறகு முனையை ஈரத்துணியால் பிடித்து, காம்பை மட்டும் சூடாக்கிக் கையால் அழுத்துங்கள். மெல்லிய புகையோடு மரம் கருகி, காம்பின் வடிவத்துக்கே துளை அமைந்துவிடும். ஆறியபின் பிர்ச் மரப்பட்டைக் கீலை உருக்கி ஊற்றிச் செருகி, சணல் நூலால் நெருக்கமாகச் சுற்றி, அதன்மேலும் கீல் பூசுங்கள். நானும் இரண்டு தண்டுகளைப் பிளந்த பிறகே இந்தப் பொறுமையைக் கற்றேன்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: கூரிய இரும்பு முனை காட்சிக்கும் இலக்குப் பலகைக்கும் மட்டுமே, போர் நடிப்பில் அகன்ற ரப்பர் முனையைத் தவிர வேறெதையும் மனிதரை நோக்கி எய்யக்கூடாது.