பாப்பா பிடிச்சா வர்ற காளை

அண்ணே வணக்கம்,

நேத்து ராத்திரி வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ வந்துச்சு. பழசு தான். லண்டன்ல ரெண்டு பேரு வளத்த சிங்கத்த ஆப்பிரிக்கா காட்டுல விட்டுட்டு ஒரு வருஷம் கழிச்சு பாக்கப் போறாங்க, அது ஓடியாந்து அவங்க தோள் மேல கால போட்டுக் கட்டிக்குது. கண்ணு கலங்கிருச்சுண்ணே. எங்க வீட்டு ஜல்லிக்கட்டு காளைய வெளியாளு யாரும் அண்ட முடியாது, ஆனா என் தங்கச்சி மக, ஒம்போது வயசு, அவ கயிறப் பிடிச்சா நாய்க்குட்டி கணக்கா பின்னாலயே போகுது. பாசம் வச்சா எந்த மிருகமும் கட்டுப்படும் தான? ஒரு சிங்கக்குட்டி கிடைச்சா நானே வளத்துருவேன் போல.

— ஒரு வாசகன், பாலமேடு

தம்பிக்கு,

மொதல்ல அந்தக் கடைசி வரிய அழிச்சிரு. 1972ல வந்த வனவிலங்கு சட்டம் இருக்கு, குட்டி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஃபாரஸ்ட்காரங்க வந்துருவாங்க.

அந்த வீடியோ எனக்கும் பத்து தடவைக்கு மேல வந்திருக்கும், பத்து தடவையும் முழுசா பாத்திருக்கேன், அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. சிங்கத்தோட பேரு கிறிஸ்டியன். 1969ல ஜான் ரெண்டால், ஏஸ் போர்க்னு ரெண்டு ஆஸ்திரேலியாக்காரங்க லண்டன்ல ஹாரட்ஸ்ங்கிற பெரிய கடையில காசு குடுத்து வாங்கின குட்டி அது, அப்பல்லாம் அங்க சிங்கக்குட்டியும் விப்பாங்க, நம்ம ஊருல லவ்பேர்ட்ஸ் வாங்குற மாதிரி வாங்கிட்டு வந்து ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு அடியில வச்சு வளத்தாங்க. பெருசானதும் கென்யாவுல கோரான்னு ஒரு காட்டுல, மனுஷங்ககிட்ட வளந்த சிங்கத்தக் காட்டுக்குப் பழக்குற ஜார்ஜ் ஆடம்சன்கிட்ட கொண்டு போய் விட்டாங்க. 1971ல திரும்பப் பாக்கப் போனப்ப எடுத்தது தான் நீ பாத்தது.

அது நடிப்பு இல்ல தம்பி. சிங்கத்துக்குத் தலையத் தலையில தேய்க்கிறது வணக்கம் சொல்ற மாதிரி, கூட்டத்துல பிரிஞ்சு போனவங்க திரும்ப வந்தா அப்படித்தான் செய்யும். நம்ம வீட்டுப் பூனை சாயங்காலம் வாசல்ல செருப்பக் கழட்டும்போதே கெண்டக்கால்ல வந்து உரசுதே, அதே தான், என்ன, இது நூறு கிலோவுக்கு மேல. அதனால பாசமான்னு கேட்டா பாசம் தான், சந்தேகமே வேணாம்.

ஆனா அதே கோரா, அதே கேம்ப்பு, அதே 1971. அங்க இன்னொரு சிங்கம் இருந்துச்சு, பேரு பாய். (நம்ம ஊரு பிரியாணிக் கடை பாய் இல்ல, இங்கிலீஷ்ல பையன்.) பிரிட்டிஷ் பட்டாளத்துல செல்லமா வளந்தது, சினிமாவுல நடிச்சது, ஆடம்சன் கூட பல வருஷமா இருந்தது, கிறிஸ்டியன காட்டுக்குப் பழக்குறதுக்குத் துணையா இருந்ததும் அது தான். அந்த பாய் கேம்ப்புல வேல பாத்த ஸ்டான்லிங்கிறவரக் கடிச்சுக் கொன்னுருச்சு. ஆடம்சன் துப்பாக்கிய எடுத்து அவரு கையாலயே அதச் சுட்டாரு. இதுக்கு வீடியோ கிடையாது, பாட்டு போட்டு யாரும் ஃபார்வர்டு பண்றதும் இல்ல.

பாய்க்கு ஆடம்சன் மேல பாசம் இல்லையா? இருந்துச்சு. ஸ்டான்லிக்கும் அதுக்கும் என்ன ஒப்பந்தம்? அங்க தான் எனக்கு இடிக்குது, பாசம் வச்சவரு ஒருத்தரு, செத்தது சம்பளத்துக்கு வேலைக்கு வந்த இன்னொருத்தரு.

இப்ப உங்க காளைக்கு வா. பாப்பா பிடிச்சா போகுது, சரி. பக்கத்து வீட்டுப் பாப்பா பிடிச்சா? நீயே எழுதியிருக்க, வெளியாளு அண்ட முடியாதுன்னு. அப்ப அது கட்டுப்பட்டது உலகத்துக்கு இல்ல, அந்த ஒரு பிள்ளைக்குத் தான். அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. மாடு மனுஷன்கிட்ட வந்து சுமார் 8000 வருஷம் ஆச்சு. இம்புட்டு வருஷமா வளத்தவனையே முட்டுற காளைய நம்மாளுக என்ன செஞ்சாங்க, கோயில் கட்டியா கும்பிட்டாங்க, அடிமாட்டுக்கு ஏத்திவிட்டாங்க, வீட்டாளுக்கு அடங்கினத வச்சு கன்னு எடுத்தாங்க. பாப்பா கையில இருக்கிற அந்தக் கயிறுல அவ பாசம் பாதி, நம்ம பாட்டன் பூட்டன் கழிச்சுக் கட்டின கணக்கு பாதி. சிங்கம் புலிக்கு அந்தக் கணக்கே கிடையாது, நாலு மாசக் குட்டியப் புட்டிப்பால் குடுத்துப் பழக்கினாலும் அது பழகின காட்டு விலங்கு, வீட்டு விலங்கு இல்ல.

உனக்குப் பிடிக்கிற மாதிரியும் ஒண்ணு சொல்றேன். ஒடிசாவுல சிமிலிபால் காட்டுல சரோஜ் ராஜ் சௌத்ரின்னு ஒரு ஆபீசரு, புலிக் கால்தடத்த வச்சுப் புலி எண்ணுற முறைய இந்தியாவுல கொண்டாந்தவரு, 1974ல பழங்குடி மக்கள் கொண்டாந்து குடுத்த ஒரு பெண் புலிக்குட்டிய வீட்டுலயே வளத்தாரு. கைரின்னு பேரு, அங்க ஓடுற ஆத்தோட பேரு. வீட்டுக்குள்ள அது பாட்டுக்கு அலையும். அது கிட்ட ஆரம்பிச்ச ஆராய்ச்சியில தான் பிரம்மச்சாரிங்கிற விஞ்ஞானி புலி எல்லைக்குப் பீச்சுற தண்ணில பாஸ்மதி அரிசி வாசம் வருதுன்னு கண்டுபிடிச்சாரு, ரெண்டுலயும் ஒரே பொருள் இருக்காம். நமக்கு சீரக சம்பா தான் வாசம்னு வையி. இத நான் கல்யாண பந்தியில சொல்லப் போயி எங்க மதனி இலைய மூடிட்டு எந்திரிச்சுட்டாங்க. கைரி 1981ல செத்துப்போச்சு.

எங்க வீட்டுல ஒரு கடுவன் இருக்கு, நாலு கிலோ தேறும். மடியில படுத்துக் கண்ண மூடிக் கிறங்கிக் கிடக்கும், நானும் கழுத்த நீவிக்கிட்டே போன்ல பேசிட்டு கை பைய வயித்துப் பக்கம் போச்சு, அம்புட்டுதான், முன்னங்கால் ரெண்டுலயும் மணிக்கட்டக் கட்டிப் பிடிச்சுப் பின்னங்கால்ல பிராண்டிட்டு அடுத்த நிமிஷம் பழையபடி படுத்துக்கிச்சு. கோவமே இல்ல அதுக்கு. எனக்கு டிடி ஊசி. இதே குணம் இருநூறு கிலோவுல இருந்தா எப்படி இருக்கும்னு லாஸ் வேகாஸ்ல புலிய வச்சு மேஜிக் காட்டின ராய் ஹார்னுக்குத் தெரிஞ்சிருக்கும். 2003ல மேடையில அவரு வளத்த வெள்ளப்புலி கழுத்தக் கவ்வி இழுத்துட்டுப் போயிருச்சு. பொழச்சாரு, ஆனா பழைய உடம்பு திரும்பல. அது என்னக் காப்பாத்தத் தான் இழுத்துச்சுன்னு கடைசி வரைக்கும் சொன்னாரு. அவரு சொன்னது நெசமாவே இருந்தாலும் கழுத்து கழுத்து தான?

மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு வர்றேன். காளைய பாப்பாவ விட்டே பிடிக்கச் சொல்லு, நான் திண்ணைக்கு அங்கிட்டு நின்னு பாத்துக்கிறேன்.