ஃபிட்னஸ் பேண்ட் காட்டும் காலடிக் கணக்கையும் தூரத்தையும் எவ்வளவு நம்பலாம்?

தினமும் ஒரே பாதையில் நடக்கிறீர்கள். காலடிக் கணக்கு பேண்டிலும் போனிலும் 7,600ஐ ஒட்டியே வருகிறது. ஆனால் தூரத்தை பேண்ட் 5.2 கிலோமீட்டர் என்கிறது, ஜி.பி.எஸ். போட்ட போன் 4.4 என்கிறது. எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் போன்தான் சரியாக இருக்கும். ஏன் என்பதைக் கடைசியில் கணக்கோடு சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கருவி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு 64 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரப்பர் பால் வெட்டுகிறவர். இப்போதும் ஒரு நாளைக்கு முந்நூறு மரத்தில் பால் வெட்டுகிறார். சர்க்கரை இருப்பதால் டாக்டர் நடக்கச் சொன்னார். நான்தான் ஒரு பேண்ட் வாங்கி அவர் கையில் கட்டிவிட்டேன். மறுநாள் விடியுமுன் விளைக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, போனவர், பால் வெட்டி, பிறகு மரங்களில் கட்டிய சிரட்டைகளில் வடிந்த பாலை எடுத்து வாளியில் சேர்த்து, பத்து மணி வாக்கில் வீட்டுக்கு வந்தார். பேண்டில் 1,340 என்று இருந்தது. "அப்படியானால் நான் நடக்கவே இல்லையா, மக்களே?" என்று கேட்டார். பெற்ற பிள்ளையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அன்று மாலையே சானல்கரையில் (கால்வாய்க் கரையில்) ஒரு மணி நேரம் நடக்கத் தொடங்கினார். எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தொடவில்லை என்று அடுத்த வாரம் அதை ஒன்றரை மணி நேரமாக்கினார். இரண்டாவது வாரத்தில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. காலையில் நான்கு மணி நேரம் மேடும் பள்ளமுமாக நடந்து வேலை செய்த மனிதர், ஒரு தவறான எண்ணைப் பார்த்து, தான் சோம்பியிருந்ததாக நம்பிவிட்டார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் விளைக்குப் போனேன். ஒரு வரிசையில் 25 மரங்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஆறு அல்லது ஏழு காலடி. வரிசை முடியும்வரை வாய்விட்டு எண்ணினேன், 158 வந்தது. பேண்ட் 41 என்றது.

காரணம் எளிது. பேண்டுக்குக் கால் தெரியாது, மணிக்கட்டு மட்டும்தான் தெரியும். அதற்குள் இருக்கும் முடுக்கமானி மூன்று திசைகளிலும் அசைவை அளக்கிறது. நடக்கும்போது கை வீசுவதிலும் கால் ஊன்றுவதிலும் எழும் சீரான அலையைத் தேடிப் பிடித்து, அலைக்கு ஒரு காலடி என்று கணக்கு வைக்கிறது. தலை வாருவதையும் துணி பிழிவதையும் நடை என்று எண்ணிவிடக்கூடாது அல்லவா? அதற்காகப் பல பேண்டுகள், சுமார் பத்துக் காலடி தொடர்ந்து விழுந்த பிறகே அதை நடை என்று ஏற்றுக்கொள்கின்றன. அதற்குள் நின்றுவிட்டால் அந்தக் காலடிகள் கணக்கில் சேராமலே போகும். அப்பாவோ ஏழு காலடிக்கு ஒருமுறை நின்று கத்தியைப் பட்டையில் வைக்கிறவர். பால் எடுக்கும்போது கையில் வாளி தொங்குவதால் கை வீசுவதும் இல்லை. முந்நூறு மரத்துக்கு இரண்டு சுற்று என்றால், நான் எண்ணிய கணக்குப்படி சுமார் 3,800 காலடி வரும். பேண்ட் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடித்திருக்கிறது.

நாற்று நடுகிறவர்கள், ஓட்டலில் பரிமாறுகிறவர்கள், அடுக்களையிலேயே நாள் முழுவதும் சுற்றி வரும் பெண்கள், எல்லோருடைய நடையும் இப்படித் துண்டு துண்டான நடைதான். உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு மாலையில் நேர்க்கோட்டில் நடப்பவரின் நடையைத்தான் இந்தக் கருவி நன்றாக எண்ணும். உடலுழைப்புக்காரர் ஒருவருக்கு இதை வாங்கிக் கொடுக்கிறவர்கள் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

வாக்கர் பிடித்து நடப்பவருக்கும், குழந்தை வண்டி தள்ளுபவருக்கும் இதே கதைதான். மெல்ல நடக்கும் முதியவர்களின் அலை தணிவாக இருப்பதாலும் காலடிகள் விட்டுப்போகும். மாறாக, குண்டும் குழியுமான சாலையில் பஸ்ஸிலோ பைக்கிலோ போகும்போது சில நூறு கூடுதலாக ஏறிவிடலாம்.

நல்ல நிலைமையில்கூட எல்லாக் கருவியும் ஒன்றுபோல் எண்ணுவதில்லை. அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 14 பேரை டிரெட்மில்லில் நடக்கவைத்து எண்ணிப் பார்த்தார்கள். போன் செயலிகள் சுமார் 6, 7 சதவீதம் கூடவோ குறையவோ காட்டின. உடலில் அணியும் கருவிகளில் ஒன்று 22 சதவீதத்துக்கும் மேல் குறைத்து எண்ணியது. அது சமதளம், சீரான வேகம். எங்கள் விளை அப்படி இல்லை. அந்த ஆய்வுக்குப் பிறகு கருவிகள் மேம்பட்டிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் மணிக்கட்டிலிருந்து காலை ஊகிக்கும் முறை மாறவில்லை.

தூரத்துக்கு வருகிறேன். ஜி.பி.எஸ். இல்லாத பேண்ட், அல்லது இருந்தும் அதை இயக்காத பேண்ட், தூரத்தை அளப்பதே இல்லை. காலடி எண்ணிக்கையை ஒரு காலடியின் நீளத்தால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த நீளத்தையும் நீங்கள் பதிந்த உயரத்திலிருந்தே ஊகிக்கிறது. ஆண்களுக்கு உயரத்தில் 0.415 பங்கு என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. அப்பாவின் உயரம் 165 செ.மீ. அந்தக் கணக்குப்படி காலடி 68 செ.மீ.க்குச் சற்று மேல் வரவேண்டும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் நட்டிருப்பார்கள். அப்படி இரண்டு கற்களுக்கு இடையே அவரை வழக்கமான வேகத்தில் நடக்கவைத்து எண்ணினேன். 345 காலடி. அதாவது 58 செ.மீ. அறுபதைத் தாண்டியவரின் காலடி சுருங்குவது இயல்பு. ஏற்றத்தில் இன்னும் சுருங்கும். பேண்ட் 4 கிலோமீட்டர் என்று காட்டிய நாட்களில் அவர் நடந்தது 3.4 கிலோமீட்டர்தான்.

ஜி.பி.எஸ். போட்டால் இந்தப் பிழை போய்விடும், வேறு பிழை வரும். திறந்த வானத்தின் கீழ் போன் காட்டும் இடம் ஐந்து மீட்டர் அளவுக்கு விலகலாம். ரப்பர் மரங்களின் அடர்ந்த இலைக்கூரைக்குக் கீழே சிக்னல் தடுமாறுவதால் கோடு கோணல்மாணலாக ஓடும், தூரமும் மாறும். தை மாதம் இலையெல்லாம் உதிர்ந்து கிடந்தபோது அதே விளையில் கோடு எவ்வளவோ நேராக வந்ததைப் பார்த்தேன். குறுகிய தூரத்தை வைத்து ஜி.பி.எஸ்.ஸைச் சோதிக்காதீர்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தின் நீளம் 77 மீட்டர். அதில் இரு முனையிலும் ஐந்தைந்து மீட்டர் தவறினாலே பத்து சதவீதத்துக்கும் மேல் போய்விடும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து பாருங்கள்.

அப்பாவை வாட்டிய பத்தாயிரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மருத்துவர்கள் கண்டுபிடித்த எல்லைக்கோடு அல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஒரு ஜப்பானிய நிறுவனம் தன் காலடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் காலடி' என்று பொருள்படும் பெயர் வைத்து விற்றது. அந்த எண் அங்கிருந்து பரவியது. சராசரி 72 வயதுள்ள பெண்களை வைத்து 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 காலடி நடந்தவர்களிடையே, 2,700 நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இதை நான் படித்துச் சொன்ன பிறகுதான் அப்பா மாலை நடையை அரை மணி நேரத்துக்குக் குறைத்தார். வீக்கம் வடிந்தது. இப்போது பால் வெட்டப் போகும்போது பேண்டைக் கழற்றி வைத்துவிடுகிறார், சானல்கரைக்கு மட்டும் கட்டிக்கொள்கிறார். அந்த நடையில் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட அது நன்றாகவே உதவுகிறது.

இனி உங்கள் கணக்கு. 5.2 கிலோமீட்டரை 7,600 காலடியால் வகுத்தால் ஒரு காலடி 68 செ.மீ. 4.4ஐ வகுத்தால் 58 செ.மீ. எண்ணிக்கையில் தகராறு இல்லை, காலடி நீளத்தில்தான் தகராறு. பேண்ட் உங்கள் உயரத்தைப் பார்த்து 68 என்று வைத்துக்கொண்டிருக்கிறது. 200 மீட்டர் கற்களுக்கு இடையே நான்கு முறை எண்ணி நடந்து சராசரி பாருங்கள். 345ஐ ஒட்டி வந்தால் போன் சரி, 290ஐ ஒட்டி வந்தால் பேண்ட் சரி. கிடைத்த நீளத்தைச் செயலியின் அமைப்பில் காலடி நீளம் என்ற இடத்தில் பதியுங்கள். சில கருவிகளில் அந்த இடம் இருக்காது. ஆப்பிள் வாட்ச் போன்றவை, திறந்த சமவெளியில் ஜி.பி.எஸ்.ஸோடு சுமார் 20 நிமிடம் நடந்தால் உங்கள் காலடியைத் தாமே கற்றுக்கொள்ளும். போன்தான் சரி என்று தெரிந்து, உங்கள் பேண்ட் இரண்டுக்கும் இடம் தராவிட்டால், அது காட்டும் கிலோமீட்டரை 0.85ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.